பேர் தெரியாதுங்க, நம்பர் மட்டுந்தான்

மதிவதனியை அடித்தவன் ஒரு நாளும் அவளை வாடி போடி என்று பேசியதில்லை. "ஏனுங்க அம்மணி, இப்படிச் செய்யலாமுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் கையை ஓங்குவான். கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு ஒரு நல்ல கணவன் தன் மனைவியிடம் யோசனை கேட்பதுபோல இருக்கும். அதனால்தான் சொந்தத்தில் ஒருவரும் அவள் சொன்னதை நம்பவில்லை. கிருபாசங்கரா அடித்தான், அந்தத் தம்பி கோழியைக்கூட அதட்டமாட்டானே என்றார்கள். கோழி தப்பித்தது என்னவோ உண்மைதான்.

அவனுக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. அதோடு பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கம்பெனி. பேக்கரி, கல்யாண மண்டபம், புடவைக்கடை என்று மனிதர் கூடும் இடங்களுக்கெல்லாம் வைஃபை பெட்டி மாட்டித் தருவது தொழில். எங்கள் பக்கத்தில் யார் எதை ஆரம்பித்தாலும் குலதெய்வத்தின் பெயரைத்தான் வைப்பார்கள். போர்வெல் போடுகிற லாரிக்கும் அந்தப் பெயர், கயிற்று மில்லுக்கும் அந்தப் பெயர். கிருபாசங்கர் வைஃபைக்கே வைத்துவிட்டான். அவர்கள் குலதெய்வம் பொன்னாத்தாள். கம்பெனி மாட்டுகிற பெட்டி எந்த ஊரில் இருந்தாலும், போனைத் திறந்தால் பொன்னாத்தாள் என்றுதான் காட்டும். வீட்டில் இருந்த பெட்டிக்கும் அதே பெயர்தான். பெட்டிமேல் ஒட்ட மஞ்சள் ஸ்டிக்கரில் சூலம் வரைந்து கொடுத்தவள் மதிவதனி. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள். கல்யாணமான மறுமாதமே கம்பெனியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஸ்டிக்கரைப் பார்த்து மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர்களுக்கு விளக்கம் சொல்வதும் அவள் வேலையாக இருந்தது. சிம் கார்டு வேறு, போன் வேறு என்று ஆரம்பிப்பாள். ஒவ்வொரு போனுக்கும் தயாராகும்போதே உள்ளே ஒரு நம்பர் பதிந்துவிடுகிறது, அதற்கு மேக் அட்ரஸ் என்று பெயர், சிம்மை மாற்றினாலும் அது மாறாது. போன் வைஃபையில் சேரும்போது அந்த நம்பரைச் சொல்லித்தான் சேரும். பெட்டி அதைக் குறித்துக்கொள்ளும். யார் திரும்பத் திரும்ப வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதெல்லாம் முதலாளிக்குத் தெரியும். முக்கியமான வாடிக்கையாளர் என்று ஒரு நம்பரைக் குறித்து வைத்தால், அந்தப் போன் கடைக்குள் நுழைந்ததும் முதலாளியின் போனில் மணி அடிக்கும். இது தப்பில்லையா என்று ஓரிருவர் தயங்குவார்கள். அவர்களுக்கு அவள் எப்போதும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பேர் தெரியாதுங்க, நம்பர் மட்டுந்தான். பயப்படாதீங்க."

புதுப் போன்கள் வந்த பிறகு இந்தத் தொழிலுக்கு இடைஞ்சல் வந்தது. அவை தங்கள் சொந்த நம்பரைச் சொல்வதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் நம்பரை உண்டாக்கிக் கொடுத்துவிடும். கிருபாசங்கருக்கு அதில் பெரிய வருத்தம். ஒரு நாள் மதிவதனியின் போனை வாங்கி, பொன்னாத்தாள் வைஃபைக்கு மட்டும் போனின் சொந்த நம்பரையே காட்டும்படி மாற்றி வைத்தான். "நம்ம ஊட்டு ஆளுகளுக்கு எதுக்குங்க வேஷம்?" என்றான். அவளும் சிரித்தாள். பிறகு அதை மறந்தே போனாள்.

அதற்குப் பிறகுதான் அவள் போகிற இடமெல்லாம் அவனுக்குத் தெரிய ஆரம்பித்தது. தோழியோடு ஜூஸ் குடித்தால் தெரிந்தது. மண்டபத்தில் பந்தி முடிந்தும் உட்கார்ந்து பேசினால் தெரிந்தது. யாரோ சொந்தக்காரர் வத்தி வைக்கிறார் என்று நினைத்து, ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு, எல்லோரிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சந்தேகப்படவேண்டிய பெட்டிக்குத் தன் கையாலேயே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக அவன் மரியாதையாகக் கேட்ட கேள்விக்கு அவளுடைய வலது காது பதில் சொல்லவேண்டி வந்தது. இன்றைக்கும் அந்தக் காதில் பாதிதான் கேட்கும். முகத்தையும் கழுத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, மாற்றுத் துணி ஒரு பையில், வீட்டைவிட்டு வந்துவிட்டாள். வழக்கு போடச் சொன்ன வக்கீல் அம்மா, படம் எடுத்த போன் அப்படியே இருக்கவேண்டும், எதையும் மாற்றாதே, தொலைத்துவிடாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் போனை வைத்துக்கொண்டு சிம்மை மட்டும் மாற்றினாள். இருக்கும் இடத்தைக் காட்டுகிற லொகேஷனையும் அணைத்தாள். இனி யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள்.

போத்தனூரில் தாஜுன்னிசாவின் வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. தாஜுன்னிசாவும் அவர் கணவர் சிக்கந்தரும் சோபாவுக்கு மெத்தை தைத்துக் கொடுப்பவர்கள். எதற்கு வந்தாய், எங்கிருந்து வந்தாய் என்று தாஜுன்னிசா கேட்கவில்லை. காதைப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார். மதிவதனி ஒரு பம்ப்செட் உதிரிபாகக் கம்பெனியில் பில் போடும் வேலையில் சேர்ந்தாள். வேலை விட்டு வரும் வழியில் பேக்கரியில் தேங்காய் பன் பார்சல் வாங்கிக்கொள்வாள். உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். வெள்ளைக் கார் எது வந்தாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். கோயமுத்தூரில் வெள்ளைக் காருக்கா பஞ்சம், கழுத்து வலிதான் மிச்சம். ஆனாலும் அந்த நாலைந்து மாதத்தில் கொஞ்சம் தூங்கினாள், கொஞ்சம் சதை போட்டாள்.

பிறகு அம்மா சின்னாத்தாளிடமிருந்து போன் வந்தது. புது நம்பர் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். எந்த ஊர் என்பதை அம்மாவிடமும் அவள் சொல்லவில்லை.

"கண்ணு, நீ போத்தனூர்லயா இருக்கற?"

மதிவதனி கதவைத் தாழிட்டாள். யார் சொன்னது என்று கேட்டாள்.

"மாப்பிள்ளதான் சொன்னாரு. மாசாணியாத்தா கோயில்ல மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வந்தாராமா. அதே வாரத்துல ஆத்தா காட்டிக் குடுத்துட்டா. பேக்கரிக்கு வந்துட்டுப் போறியாம்ல? எந்தெந்த நாளு வந்தே, எத்தன நேரம் நின்னே, அத்தனையும் சொல்றாரு கண்ணு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு."

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். தப்பு செய்தவர் எங்கே ஒளிந்தாலும் எரியும் என்பது நம்பிக்கை. அடி வாங்கியவள் பூசவேண்டிய மிளகாயை அடித்தவன் பூசிவிட்டான். அம்மாவுக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. வந்து ஆத்தா முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள், மாப்பிள்ளை உன்னைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம்தான் சுற்றுகிறார், பார்த்தால் தகராறு செய்யாமல் கூடவே வந்துவிடு என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்றும் விசாரித்துவிட்டுத்தான் வைத்தார்.

படித்த படிப்பெல்லாம் அப்போது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவேண்டாம். பயம் வந்தால் மனிதருக்குச் சின்ன வயதில் கற்றதுதான் முதலில் வரும். அன்று மாலை மதிவதனிக்கு உள்ளங்கை எரிந்தது, கண் எரிந்தது. ஆத்தாளே தன்னைக் காட்டிக் கொடுத்தாள் என்றால் தப்பு தன் பக்கம்தானோ என்று நினைத்தாள். வெள்ளைக் காருக்கு மறைந்துகொள்ளலாம், தெய்வத்துக்கு எங்கே போய் மறைவது? வேலைக்குப் போவதை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தி வைத்தாள். மாடிப்படியில் யார் காலடி கேட்டாலும் கேட்கிற காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தாஜுன்னிசா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மாடிக்கு வந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டார். மிளகாய் விஷயத்தில் அவர் கருத்து எதுவும் சொல்லவில்லை.

"இப்படி அடஞ்சு கெடந்தா கிறுக்குப் புடிச்சுப்போகும் கண்ணு. அந்தப் பேக்கரி வேண்டாம், ஸ்டேஷன் பக்கத்துல வேற ஒண்ணு இருக்குது. நான் கூட வாரேன். எந்திரி."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஸ்டேஷனுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாக ரோடு நிறைந்திருந்தது. தாஜுன்னிசா உள்ளே மூலையில் உட்காரவைத்து இரண்டு டீயும் ஒரு பன்னும் சொன்னார். மதிவதனி வாசலைப் பார்த்தாள், கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள், பிறகு தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள்.

மஞ்சள் ஸ்டிக்கர். சூலம். அவள் வரைந்தது.

அந்தப் பழைய பேக்கரியிலும் கல்லாவுக்கு மேலே புதிதாக ஏதோ மஞ்சளாக ஒட்டியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தலை குனிந்தே போய்வந்த பாவம், நிமிர்ந்து பார்த்ததில்லை. பையிலிருந்து போனை எடுத்தாள். பொன்னாத்தாள், இணைக்கப்பட்டது என்று காட்டியது. அவள் கேட்காமலே, பழகின வீட்டுக்குள் நுழைவதுபோல, போன் தானே போய்ச் சேர்ந்திருந்தது. கீழே போனின் சொந்த நம்பர் என்று இருந்தது. அவன் மாற்றி வைத்தது அப்படியே இருந்தது.

மாசாணி காட்டிக் கொடுக்கவில்லை. அவளுடைய போன்தான் ஒவ்வொரு நாளும் தன் நம்பரைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. பேர் தெரியாது, நம்பர் மட்டுந்தான் என்று எத்தனை கடைக்காரர்களுக்குச் சொல்லியிருப்பாள். அந்த நம்பர் யாருடையது என்று தெரிந்த ஒருவனுக்குப் பெயர் எதற்கு? அவன் பட்டியலில் அவள்தான் முக்கியமான வாடிக்கையாளர். இந்த நிமிடம் அவன் போனில் மணி அடித்திருக்கும்.

"அக்கா, அவரு வந்துட்டே இருக்கறாருங்க" என்றாள். குரல் வெளியே வரவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் தாஜுன்னிசா புரிந்துகொண்டார்.

ஓடலாம் என்று எழுந்தாள். வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. தாஜுன்னிசா அவள் முழங்கையைப் பிடித்துப் பின்கட்டுக்குள் தள்ளிவிட்டு, அவளுடைய டீயையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே அடுப்பின் அனல் அடித்தது. தட்டுகளில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்தார், அவள் நடுங்குவதைப் பார்த்தார், மறுபடி அடுக்க ஆரம்பித்தார். ரொட்டித் தட்டுகளின் இடுக்கு வழியாக அவளுக்குக் கடை தெரிந்தது.

கிருபாசங்கர் வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக உள்ளே வந்தான். கண் மேசைகளை மேயவில்லை. கையிலிருந்த போனைத்தான் பார்த்தான், பார்த்துச் சிரித்தான். பிறகு யாரையும் பார்க்காமல், கடைக்கே பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னான்.

"மதி அம்மணி, இங்கதான் இருக்கறீங்கன்னு தெரியுதுங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அந்த ‘ங்க’வைக் கேட்டதும் அவளுக்கு வலது காது வலித்தது. அடி விழுவதற்கு முன்னால் வருகிற குரல் அது. கால்கள் தாமாகவே ஓரடி முன்னால் போயின. இதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கமுடியாதது. கூப்பிட்டதும் போய்விடுகிற அளவுக்கு ஒரு பெண்ணைப் பயத்திலேயே பழக்கி வைத்திருந்தான்.

"ஏனுங்க தம்பி, யாரத் தேடறீங்க?" என்றார் தாஜுன்னிசா.

"ஊட்டுக்காரிங்க. கோவிச்சுட்டு வந்துட்டாங்க."

"இங்க நானும் டீ மாஸ்டரும்தான் இருக்கறமுங்க."

அவன் போனைத் தூக்கிக் காட்டினான். "இல்லீங்க. இருக்கறாங்க. இது பொய் சொல்லாதுங்க."

அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் மதிவதனி நின்றாள். அவனை அவளுக்குத் தெரியும். கண்ணால் பார்ப்பதை நம்பமாட்டான், ஆள் சொல்வதை நம்பமாட்டான், பெட்டி காட்டுகிற பட்டியலைத்தான் நம்புவான். பின்கட்டுக்கு வர அவனுக்கு நாலு எட்டுக்கூட இல்லை. ஆனால் பட்டியல் இருக்கிறாள் என்று சொல்லும்வரை அவன் போகவே மாட்டான்.

போனைத் திறந்தாள். வைஃபையை அணைத்தால் இந்த நிமிடம் தப்பலாம். நாளைக்கோ அடுத்த மாதமோ மறுபடி போட்டால், எந்த ஊர்ப் பேக்கரியிலாவது அந்தப் பெயரைக் கண்டதும் போன் மறுபடி ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும். பெயரையே எடுத்துவிடவேண்டும். விரல் நீக்கு என்ற இடத்துக்கு மேலே போய் நின்றுவிட்டது. பொன்னாத்தாள் என்று எழுதியிருந்தது. தாலி கட்டிய அன்று, இனிமேல் உன் குலதெய்வம் இவள்தான் என்று மாமியார் காட்டிய தெய்வம். கிடா வெட்டிப் பொங்கல் வைத்த தெய்வம். பெயர் எழுதிய காகிதத்தை மிதித்தால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவள், அந்தப் பெயரை அழிப்பதா? இந்த வீட்டோடு எனக்கு எதுவும் வேண்டாம் என்று தெய்வத்தின் முகத்துக்கு நேராகச் சொல்வதா? வெளியே அவன் மறுபடி, "வாங்க அம்மணி" என்றான்.

தாயே மன்னிச்சுக்கோ என்று நினைத்துக்கொண்டு அழுத்தினாள்.

ஒன்றும் ஆகவில்லை. அடுப்பு எரிந்தது, அந்த மனிதர் ரொட்டி அடுக்கினார், அவள் போனில் இருந்த பெயர் இல்லாமல் போயிற்று. இடுக்கு வழியாகப் பார்த்தாள். கிருபாசங்கர் தன் போனை உற்றுப் பார்த்தான், ஒருமுறை தட்டிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. போய்விட்டாள் என்று பட்டியல் சொன்னதும், சந்தேகமே இல்லாமல் திரும்பி ரோட்டுக்கு ஓடினான். ஸ்டேஷன் பக்கம் பார்த்தான், பாலத்துப் பக்கம் பார்த்தான், காரில் ஏறிப் போனான். அவள் இருந்த இடத்தை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதிவதனி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். தாஜுன்னிசா உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நடந்ததை எல்லாம் வக்கீல் அம்மாவிடம் சொன்னாள். அந்தப் பெயர் போனிலிருந்து போய்விட்டதே என்று பயந்தாள். படங்கள் பத்திரமாக இருக்கின்றன, அது போதும் என்றார் அவர். பெட்டி விஷயத்தையும் மனுவில் சேர்த்தார். ஆனால் பயம் ஒரே நாளில் போய்விடுவதில்லை. நீக்கிய பெயர் மறுபடி முளைத்திருக்குமோ என்று போனைத் திறந்து திறந்து பார்த்தாள். ஒவ்வொரு வைஃபைக்கும் பொய் நம்பரையே கொடு என்று வைத்தாள், அதையும் தினம் சரிபார்த்தாள். அது உண்மையிலேயே மறைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சோதித்துப் பார்க்கவும் பயமாக இருந்தது, சோதிக்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

அடுத்த மாதம் அம்மா கூப்பிட்டார். குரலில் குறை இருந்தது.

"என்னமோ ஆத்தா இப்பெல்லாம் ஒண்ணும் காட்டறதில்லையாமா. மாப்பிள்ள மறுபடி மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வந்தாரு. இன்னைக்கு ஏதோ மண்டபத்து வேலையா சத்தியமங்கலம் போயிருக்காரு. நீ எங்கதான் கண்ணு இருக்கற? எங்கிட்டச் சொல்லலாமல்ல?"

"நல்லா இருக்கறேன்மா" என்றாள் மதிவதனி. அதற்கு மேல் சொல்லவில்லை. அம்மாவிடமே ஒளிக்கிறோமே என்று இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

அன்று மாலையே தாஜுன்னிசாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஸ்டேஷன் பேக்கரிக்குப் போனாள். அவன் சத்தியமங்கலத்தில் இருக்கிறான். மணி அடித்தாலும் வந்து சேர நேரமாகும். வேண்டுமென்றே போனை எடுத்து, பொன்னாத்தாளைத் தேடிச் சேர்த்தாள். இம்முறை சொந்த நம்பர் இல்லை, போன் உண்டாக்கிய நம்பர். பழைய போன்களைப் பெட்டி தெரிந்துகொண்டு பேசாமல் உள்ளே விட்டுவிடும். தெரியாத போன் வந்தால் மட்டும் ஒரு பக்கம் திறக்கும். திரையில் அந்தப் பக்கம் திறந்தது.

வாங்க, வாங்க. உங்களை இப்பத்தான் முதல் தடவையாப் பார்க்கறோம். உக்காந்து நிதானமா டீ குடிச்சுட்டுப் போங்க.

அந்த வாசகத்தை எழுதியவள் அவள்தான், கல்யாணமான புதிதில். இரண்டு முறை படித்தாள். பிறகு தாஜுன்னிசாவிடம் காட்டினாள். தாஜுன்னிசா கண்ணாடி போடாமலே எழுத்துக் கூட்டிப் படித்து, "நல்ல மரியாதையாத்தான் எழுதிருக்காங்க" என்றார்.

பார்சலா என்று டீ மாஸ்டர் கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் மதிவதனி. "இங்கயே குடிக்கறோம்."

வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். ரோட்டில் வெள்ளைக் கார்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்து, முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள். ஆத்தா காட்டிக் குடுத்துட்டா என்று சொல்ல அன்று இரவும் மறுநாளும் அம்மாவிடமிருந்து போன் வரவில்லை.